கீழ் கோத்தகிரி இறக்கத்துக்குப் பழைய ஜீப்பைத் தயார் செய்வது

பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு ஏற்றத்தைப் பற்றித்தான் இருக்கும். எந்தச் சேற்றில் ஏறியது, எத்தனை மூட்டைக் கொழுந்தோடு எந்த மேட்டை இழுத்தது என்று. பட்டறைக்கு வண்டி வருவதும் அந்தக் குறையோடுதான்: "இழுவை கம்மியாயிருச்சு அண்ணா, ஃபோர் வீல் போட்டா உள்ள என்னமோ அரைக்குது." ஆனால் நம் பக்கத்துச் சாலைகளில் உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் ஒரு பாகம் உடைந்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் அதே பாகம் உடைந்தால் வண்டி நிற்காது.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். இடையில் உள்ள 33 கி.மீ. சாலையில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். சுமையோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள ஒரு ஜீப் இந்தத் தூரத்துக்குள் வெப்பமாகக் கரைத்துவிட வேண்டிய ஆற்றல் சுமார் 22 மெகாஜூல். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கும் அளவு வெப்பம் அது. பழைய ஜீப்பின் நான்கு டிரம் பிரேக்குகள் மட்டும் இதைத் தாங்காது. அதனால்தான் நீலகிரியில் ஓட்டுபவர்கள் கியரில் இறங்குகிறார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் சிறு கியரில் இறங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகவே.

கியரில் இறங்கும்போது வண்டியைப் பிடித்துக்கொள்வது எஞ்சின். அந்தப் பிடி சக்கரத்துக்கு வந்து சேரும் வழி ஒன்றுதான்: கிளட்ச், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரவுன் பினியன், ஆக்ஸில் ஷாஃப்ட், ஹப். ஏற்றத்தில் இழுக்கும் அதே வரிசை இறக்கத்தில் பிரேக்காக வேலை செய்கிறது. இவற்றைப் பிரித்துக் கட்டுவதை நான் பிரேக் வேலையாகவே பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் எதை முதலில் செய்வது, எதில் காசு போடுவது என்ற கணக்கே மாறிவிடும்.

சோலூர்மட்டம் தாண்டிக் கரிக்கையூர்ப் பக்கம் இறங்கும் சாலையிலும், எஸ்டேட் உள்பாதைகளிலும் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் மஹிந்திரா வண்டிகள். அவற்றின் மூலம் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப். வில்லிஸ் நிறுவனத்தின் சிஜே-3பி அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோனது. இந்தியாவில் மஹிந்திரா அதை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தது. 1980களில் பீஜோ டீசல் எஞ்சினோடு எம்எம் 540 வந்தது. முகப்பும் எஞ்சினும் மாறினாலும் அடியில் இருந்த அமைப்பு அதே மரபில்தான் வந்தது. இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகள் சிஜே-3பி வகைக்கு உரியவை. வேறு மாடலுக்கு அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

சிஜே-3பி-யில் டி-90 என்ற மூன்று கியர் பெட்டி, அதன் பின்னால் ஒட்டியபடி டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னால் டானா 25 ஆக்ஸில், பின்னால் டானா 44 ஆக்ஸில். ஃபர்ஸ்ட் கியரின் விகிதம் 2.798. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46. கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டால் வண்டி மணிக்கு இரண்டு கி.மீ. அளவில் நகரும். கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து நடப்பவர் அதை முந்திப் போய்விடுவார். இறக்கத்தில் நமக்கு வேண்டியது இந்த மந்தம்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பழைய பெட்ரோல் எஞ்சினின் முறுக்கு விசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். ஃபர்ஸ்ட் கியரும் லோவும் சேர்ந்து அதைப் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு வருவதற்குள் ஆயிரத்துக்கு மேல் ஆக்கிவிடுகின்றன. கிரவுன் பினியனைக் கடந்தால் 5,700-ஐத் தாண்டும். உராய்வில் போவதைக் கழித்தாலும், எஞ்சினில் சாதாரணமாக இருக்கும் விசை ஆக்ஸிலில் முப்பது மடங்குக்கு மேல் பெருகி நிற்கிறது. எனவே உடைவது பெரும்பாலும் எஞ்சினிலிருந்து தள்ளி, சக்கரத்துக்கு அருகில்தான்.

டானா 18-இல் ஒரு பாதுகாப்பு உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. தரையில் இரண்டு குட்டி லீவர்கள்: ஒன்று முன் ஆக்ஸிலைச் சேர்க்க, மற்றொன்று ஹை, லோ மாற்ற. முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல் லோ போட முடியாதபடி இரண்டு தண்டுகளுக்கும் நடுவே ஒரு சிறிய இரும்புத் துண்டு தடுத்து நிற்கும். காரணம் மேலே சொன்ன கணக்குதான். பெருகி வரும் விசையை இரண்டு ஆக்ஸில்கள் பகிர்ந்துகொண்டால் தாங்கும். பின் ஆக்ஸில் தனியாக வாங்கினால் ஷாஃப்ட் முறுக்கி உடையும். திருப்பத்தில் லேசாகத் திரும்புகிறது என்பதற்காக அந்தத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின் சக்கரத்தை மட்டும் லோவில் ஓட்டும் வழக்கம் உண்டு. பழைய வண்டி வாங்கினால் முதலில் இதைச் சோதியுங்கள். முன் லீவரைத் தொடாமல் லோ விழுந்தால் அந்தத் துண்டு உள்ளே இல்லை. திரும்பப் போடச் சொல்லுங்கள். வண்டியைப் பலப்படுத்த இதைவிட மலிவான வேலை கிடையாது.

இந்த வகை ஃபோர் வீலில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இன்றைய ஆல் வீல் டிரைவ் கார்களில் நடுவே ஒரு டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ இருந்து, முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும். ஜீப்பில் இரண்டு ஆக்ஸில்களும் நேரடியாகப் பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறிக்கொள்ளும். லீவர் திரும்ப வராமல் இறுகிப் பிடிப்பது இதனால்தான். நான்கு டயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதே. முன்னால் புது டயர், பின்னால் வழுக்கை டயர் என்று மாட்டிவிட்டு ஃபோர் வீல் போட்டால், நேர் சாலையில்கூட கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

கழற்றுவதற்கு முன் வண்டியே நிறையச் சொல்லும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரில் போட்டுவிட்டு அடியில் படுத்துப் பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் எவ்வளவு ஆட்டம், கிராஸ் ஜாயின்டில் எவ்வளவு, பினியன் பக்கம் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். கிராஸில் ஆட்டம் இருந்தால் ஷாஃப்ட் திரும்பும்போது இரண்டு நுகங்களில் ஒன்று மட்டும் பிந்தும். பிறகு பினியன் நுகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அப்படி அசைந்தால் பினியன் பேரிங் போயிருக்கிறது. அதோடு ஓட்டினால் கிரவுனும் போகும்.

எண்ணெயை வண்டி சூடாக இருக்கும்போதே ஓர் அகலத் தட்டில் வடியுங்கள். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் பொன்னிறத்தில் மினுங்கும் தூள் தெரிந்தால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. சாம்பல் நிறப் பசை காந்தத்தில் ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம். கையில் நெருடும் சில்லு, மூலையுள்ள துண்டு கிடைத்தால் எங்கோ பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அது எந்த இடம் என்று தெரியும்வரை பிரிக்க வேண்டும். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நம் கிழக்குச் சரிவில் இந்தக் கடைசி வகைதான் அடிக்கடி கண்ணில் படும்.

தண்ணீர் எப்படிப் போகிறது என்பது பலருக்குப் புரியாத விஷயம். ஓடையில் இறங்கினால் சீல் வழியாகக் கசிகிறது என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. ஓடிச் சூடான ஆக்ஸில் ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் சிறிய மூச்சுத் துளை சேற்றில் அடைத்திருந்தால், அந்தக் காற்றுக் குறைவை ஈடுகட்ட ஹவுசிங் தன் சீல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். புது சீல் போட்டாலும் உறிஞ்சும். மூச்சுத் துளையைச் சுத்தம் செய்து, அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் தீர்ந்தது.

இனி பெட்டிகளைத் திறக்கலாம்.

டி-90-இன் பெரிய வியாதி, இறக்கத்தில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுவது. ஏற்றத்தில் ஒழுங்காக நிற்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சின் பிடிக்கத் தொடங்கியதும் லீவர் துள்ளி வெளியே வரும். அந்த நொடியில் வண்டியின் பிடி முழுவதும் போய்விடும். ஒரு கையால் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். இதைச் சகித்துக்கொண்டு ஓட்டவே கூடாது.

காரணம் ஒன்றாக இருக்காது. லீவரை இடத்தில் நிறுத்தும் பந்தும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். இது எளிதாக மாற்றக்கூடியது. ஃபோர்க் தேய்ந்து, கியரை முழு ஆழத்துக்குத் தள்ளாமல் இருக்கலாம். சிங்க்ரோ ஸ்லீவின் பற்கள் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால், சுமை எதிர்த் திசையில் வரும்போது அந்தச் சாய்வே கியரை வெளியே தள்ளும். மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசைந்தாலும் அதே கதை. எல்லாம் புதிதாகப் போட்டும் நழுவினால் பெட்டியில் குற்றம் இல்லை. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள பெல் ஹவுசிங் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். டயல் கேஜை ஃபிளைவீலில் பொருத்தி, ஹவுசிங்கின் முகத்தையும் துளையையும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இதை முதலிலேயே சந்தேகப்பட வேண்டும்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. சிங்க்ரோ வளையம் பித்தளை. கிரவுனுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்களில் பல பித்தளையை அரிக்கும். கியர் பெட்டிக்கு ஜிஎல்-4. டானா 18 பெட்டியோடு ஒட்டி இருப்பதால் இரண்டுக்கும் நடுவே எண்ணெய் போய்வரும்; எனவே அதற்கும் ஜிஎல்-4 தான். கிரவுனுக்கு மட்டும் ஜிஎல்-5. கடையில் "கியர் ஆயில் தொண்ணூறு" என்று மட்டும் கேட்டு வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள்.

டானா 18-ஐப் பிரித்தால் முதலில் பார்க்க வேண்டியது நடு ஷாஃப்ட். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை கியரில்கூட விசை நேராகப் போவதில்லை. கியர் பெட்டியிலிருந்து வரும் விசை நடு கியருக்குப் போய், அங்கிருந்து ஓரமாக இருக்கும் வெளி ஷாஃப்டுக்கு மாறுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில் ஹையில் ஓடும்போதும் அந்த நடு கியர் சுமையோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே முதலில் தேய்வது அந்த ஷாஃப்டும், அதன் மேல் உருளும் ஊசி பேரிங்குகளும், இரு ஓரத்து வாஷர்களும்.

ஷாஃப்டைத் துடைத்து, நகத்தை நீளவாக்கில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஊசி உருண்ட இடம் தொடங்கும் விளிம்பில் நகம் தட்டினால் ஷாஃப்ட் போய்விட்டது. பளபளப்பாகத் தெரிந்தாலும் சரி. பழைய ஷாஃப்டில் புது ஊசிகளைப் போடுவது காசுக்குக் கேடு. அடுத்து, ஷாஃப்ட் உட்காரும் துளையைப் பாருங்கள். கூட்டுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டிய ஷாஃப்ட் கையால் தள்ளினாலே போனால் துளை தேய்ந்திருக்கிறது. எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் அந்த வழியாக எண்ணெய் ஒழுகும். அதை லேத்தில் பெரிதாக்கிப் புஷ் அடிக்க வேண்டும். இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் வரவேண்டிய வேலை இது. கோயம்புத்தூரில் போரிங் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்புவது நல்லது. ஆரம்ப கால ஜீப்புகளில் இந்த ஷாஃப்ட் முக்கால் அங்குலத் தடிமன்தான் இருந்தது. பிறகு ஒன்றேகால் அங்குலம் வரை வளர்ந்தது. தொழிற்சாலையே எந்த இடம் பலவீனம் என்று கண்டு தடிமன் ஏற்றிய இடம் அது. மெல்லிய ஷாஃப்ட் உள்ள பழைய கூடு கையில் இருந்தால், அதில் செலவு செய்வதைவிடத் தடிமனான ஷாஃப்ட் வந்த பிற்கால டிரான்ஸ்ஃபர் கேஸையே தேடுங்கள்.

வெளி ஷாஃப்டின் இரு டேப்பர் பேரிங்குகளுக்கு நடுவே முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்க வேண்டும். மூடியின் அடியில் வைக்கும் ஷிம் தகடுகளால் இதைச் சரிசெய்வார்கள். "ஆட்டமே இல்லாம டைட்டா பண்ணிடலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடேறும்போது ஷாஃப்ட் நீளும். இடம் இல்லாவிட்டால் பேரிங் எரியும்.

இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் ஹேண்ட் பிரேக்கும் இருக்கிறது. பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னால் போகும் வெளி ஷாஃப்டில் ஒரு டிரம் பொருத்தி அதைப் பிடிக்கிறது. கிரவுன் விகிதத்தின் உதவியால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அந்தப் பிடி புரொப்பல்லர் ஷாஃப்ட், கிராஸ், கிரவுன், ஆக்ஸில் எல்லாவற்றையும் கடந்துதான் சக்கரத்துக்குப் போகிறது. கிராஸ் கழன்றால் ஹேண்ட் பிரேக் இல்லை. ஒரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தால், டிஃபரன்ஷியல் அந்த உடைந்த பக்கத்தைச் சும்மா சுற்றவிடும். மறுபக்கச் சக்கரத்தில் பிடி இருக்காது. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் இதே நிலைதான். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக இந்த டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும். பத்து நிமிட வேலை என்று தள்ளிப்போடும் அந்தச் சீல்தான் சரிவில் நிறுத்திய வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. சரிவில் நிறுத்தும்போது முன் ஆக்ஸிலைச் சேர்த்து லோவில் போட்டால் ஹேண்ட் பிரேக்கின் பிடி முன்னுக்கும் போகும். ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதைப் பூட்டியிருக்க வேண்டும். அதற்கு மேல் சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

கிரவுன் பினியன் என்பது ஜோடி. தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். ஸ்கிராப் கடையில் நல்ல கிரவுனும் வேறொரு நல்ல பினியனும் கிடைத்தால் அவை ஜோடி ஆகாது. எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஜோடி கெடாமல் இருந்தால் அதையே புது பேரிங்கில் உட்காரவைப்பது, பெயர் தெரியாத புதுப் பெட்டியை வாங்குவதைவிட நல்லது.

பொருத்தும்போது முதலில் பினியன் ஆழம், பிறகு பினியன் பேரிங் இறுக்கம், பிறகு பல்லிடை ஆட்டம். சிஜே-3பி ஆக்ஸில்களுக்கு அந்த ஆட்டம் 0.13 முதல் 0.18 மி.மீ. டயல் கேஜின் முள்ளைக் கிரவுன் பல்லில் நிறுத்தி, கிரவுனைச் சுற்றிலும் குறைந்தது நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சரி, எதிர்ப்பக்கம் அதிகம் என்றால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஒரு சிறு பிசிறோ தூசியோ மாட்டியிருக்கும்.

அளவு சரியானால் மட்டும் போதாது, பல் பல்லோடு எங்கே உரசுகிறது என்றும் பார்க்க வேண்டும். நான்கைந்து பற்களில் இரு பக்கமும் நீல மையை மெல்லிசாகத் தடவுவார்கள். ஒருவர் கிரவுனைப் பழைய துணியால் அழுத்திப் பிடித்துச் சுமை கொடுக்க, இன்னொருவர் பினியனை மெதுவாகச் சுற்றுவார். மை நசுங்கி விலகிய இடத்தில் பல்லின் உலோகம் முட்டை வடிவத்தில் வெளியே தெரியும். அந்த முட்டை பல்லின் நடுவில், மேல் விளிம்பையும் அடியையும் தொடாமல் இருக்க வேண்டும். விளிம்பில் விழுந்தால் பினியன் போதிய ஆழத்தில் இல்லை. அடியில் விழுந்தால் ஆழம் அதிகம். மறுபடி பிரித்து, ஷிம் மாற்றி, மறுபடி மை தடவி... பொறுமை இருந்தால்தான் முடியும். நல்ல மேஸ்திரி இந்த இடத்தில் அவசரப்பட மாட்டார். நாமும் அவரை அவசரப்படுத்தக் கூடாது.

மலை வண்டிக்கு இதில் ஒரு தனிக் கவனம் உண்டு. பல்லுக்கு இரண்டு முகங்கள். பின் ஆக்ஸிலில் இழுக்கும்போது ஒரு முகம் சுமை வாங்குகிறது. எஞ்சின் பிடிக்கும்போது மறு முகம். சமவெளியில் மறு முகத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, அங்கே அதற்கு அவ்வளவு வேலை இல்லை. நம் வண்டிக்கோ பாதி வாழ்க்கை அந்த முகத்தில்தான் கழிகிறது. அதிலும் மை அடையாளம் நடுவில் விழுகிறதா என்று கேட்டு, கண்ணால் பாருங்கள். காலை எடுத்ததும் பின்பக்கம் ஊளையிடும் வண்டிகளில் இந்த மறு முகமோ பினியன் பேரிங் இறுக்கமோ தவறியிருக்கும். முன் ஆக்ஸிலில் கணக்கு தலைகீழ்: பின் ஆக்ஸிலில் எஞ்சின் பிடிக்கும்போது சுமை வாங்கும் முகம், அங்கே முன்னோக்கி இழுக்கும்போது சுமை வாங்குகிறது.

பின் ஆக்ஸில் ஷாஃப்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் பலப்படுத்தும் காசை முதலில் கொட்ட வேண்டிய இடம் இதுதான். பழைய ஜீப்பில் ஷாஃப்டின் வெளி முனை கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். அதன் மேல் ஹப் ஏறி உட்காரும். நடுவே ஒரு சாவித்துண்டு, வெளியே ஒரு பெரிய நட்டு. விசையைக் கடத்துவது சாவித்துண்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடத்துவது கூம்பின் இறுக்கம், சாவி துணைக்குத்தான். நட்டு தளர்ந்தால் கூம்பு பிடியை விடும், சாவி நசுங்கும், அதன் பள்ளத்தின் மூலையில் ஒரு மயிரிழை வெடிப்பு தொடங்கும். பிறகு ஒருநாள் ஷாஃப்ட் அங்கேயே துண்டாகும். துண்டானால் சக்கரமே ஹப்போடு கழன்று போகலாம்.

ஆகையால் கூம்பையும் ஹப்பின் உட்புறத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, உலர்ந்த நிலையில் பொருத்துங்கள். நட்டைக் குறைந்தது 200 நியூட்டன் மீட்டர் டார்க்கில் இறுக்க வேண்டும். சாதாரண ஸ்பேனரும் கைப்பலமும் இதற்குப் போதாது. டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள். பழைய ஷாஃப்டையே போடுவதென்றால், சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி தெளிக்கும் வெடிப்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்.

ஒரே துண்டாக, வெளி முனையில் தட்டையான ஃபிளாஞ்சோடு வரும் ஷாஃப்டுக்கு மாறினால் கூம்புத் தொல்லை அடியோடு ஒழியும். அதைவிட நல்லது ஃபுல் ஃப்ளோட்டிங் அமைப்பு. அதில் வண்டியின் எடையை ஹவுசிங்கின் முனை தாங்கும். ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழலாது. லாரிகள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. சுமை ஏற்றி இறங்கும் எஸ்டேட் ஜீப்புக்கு என் முதல் சிபாரிசு இது.

லேத்தில் ஷாஃப்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, எந்த இரும்பு. இஎன்-8 சாதாரண நடுத்தரக் கார்பன் எஃகு. இஎன்-24 நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்தது; முறையாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் அதன் பலம் வெளிவரும். பதப்படுத்தாத இஎன்-24-க்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் முறுக்கு விசைக்கு வளையாமல் படக்கென்று உடையும். இரண்டாவது, தடிமன் மாறும் இடத்தில் கூர் மூலை இருக்கிறதா. ஷாஃப்ட் தடித்து மெலியும் இடம் வளைவாக இறங்க வேண்டும். கத்தி வெட்டியது போல் மூலை இருந்தால் எத்தனை நல்ல இரும்பும் அங்கேயே வெடிக்கும். தடிமனைப் பொறுத்தவரை, முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 30 மி.மீ. ஷாஃப்டை 33 ஆக்கினால் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஸ்ப்லைன் உள்ள ஷாஃப்டில் பல்லின் அடி அளவைத்தான் விட்டமாகக் கொள்ள வேண்டும்.

முன் ஆக்ஸிலில் நக்கிளுக்குள் இருக்கும் ஜாயின்டும் கிங் பின் பேரிங்கும்தான் தேயும். ஸ்டியரிங் உதறினால் கிங் பின் ஷிம்மைப் பார்க்க வேண்டும். உருண்டையின் மேல் உரசும் சீல் போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் தண்ணீரோடு கலந்து கூழாகும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு பாதிகளிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டினால் இரு முனை நுகங்களும் ஒரே தளத்தில் இராது. வண்டி அதிர்ந்து புது கிராஸையும் தின்றுவிடும்.

பலப்படுத்துகிறோம் என்று சொல்லிச் செய்யும் சில வேலைகளில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டு டி-90-ஐ அப்படியே விட்டால், அந்த மூன்று கியர் பெட்டி தாங்காது. எஞ்சின் மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. பெரிய டயர் மாட்டினால் விகிதம் கெட்டு, இறக்கத்தில் எஞ்சின் பிடி குறையும். ஆக்ஸிலுக்கு முறுக்கும் கூடும். பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் சேற்றில் உதவும்தான். ஆனால் தேயிலைச் சரிவின் குறுக்கே பக்கவாட்டில் சாய்ந்து போகும் ஈரப் பாதையில், இரு பின் சக்கரமும் ஒன்றாகச் சுழன்று பிடி விட்டால் வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி நழுவும். பூட்டாத டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றொன்று மண்ணைப் பிடித்து நிற்கும். நம் பாதைகளுக்கு நான் லாக்கர் போடச் சொல்ல மாட்டேன்.

கட்டி முடித்ததும் நேராகச் சுமை ஏற்றி இறக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். புது பேரிங்கும் பல்லும் ஒன்றோடொன்று பழக வேண்டும். முதலில் சுமையில்லாமல் கோத்தகிரிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, நான்கு ஹப்பையும் இரண்டு கிரவுன் ஹவுசிங்கையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த இடத்தில் இறுக்கம் அதிகம். திருப்பி எடுத்துப் போய்ப் பிரிக்கச் சொல்லுங்கள். பின் ஹப் நட்டுகளை அன்றே ஒருமுறை டார்க் பாருங்கள்; புதுக் கூம்பு கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருக்கும். 500 கி.மீ. ஆனதும் எல்லா எண்ணெயையும் வடித்து மாற்றுங்கள், மறுபடி தட்டில் வடித்துத்தான். பிறகு ஒரு நீண்ட இறக்கத்தில், ஆளில்லாத நேரத்தில், செகண்ட் கியரில் காலை எடுத்துவிட்டு லீவரைத் தொடாமல் இறங்கிப் பாருங்கள். லீவர் அசையாமல் நின்றால், அடுத்த நாள் கொழுந்து ஏற்றலாம்.